எந்தச் சிறுத்தை?

அந்தக் காட்டில் எத்தனை சிறுத்தைகள் இருக்கின்றன என்று கேட்டால் வனத்துறையில் எல்லோரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டுவார்கள். காட்டுயிர் ஆய்வாளராக ஏழு வருடமாக அங்கே வேலை பார்த்த அவளுக்கு வனக் காவலர்கள் வைத்திருந்த பெயர் புள்ளியம்மா. மனிதருக்குக் கைரேகை போலச் சிறுத்தைக்கு அதன் புள்ளிகள். ஒன்றின் விலாவில் இருக்கிற அமைப்பு இன்னொன்றுக்கு இருக்காது. காட்டுப் பாதைகளில் முழங்கால் உயரத்தில் மரத்தோடு கட்டிவைத்த நாற்பது தானியங்கிக் கேமராக்கள் எடுக்கும் படங்களைக் கணினியில் போட்டு, இடது விலாவை இடது விலாவோடும் வலதை வலதோடும் வைத்துப் பார்த்து, இது இன்னார் என்று சொல்வதுதான் அவள் வேலை. மொத்தம் பதினொன்று. பட்டியலில் அவற்றுக்கு எண்கள் இருந்தன. பேச்சில் கம்மல், வாத்தியார், சோம்பேறி என்று பெயர்கள் இருந்தன.

அந்த வருடம் மழை ஓய்ந்து மூன்றாவது வாரத்தில், ஓடைப் பக்கத்துக் கேமராவில் அவளுக்குத் தெரியாத ஓர் ஆண் சிறுத்தை விழுந்தது. முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இளம் ஆண்கள் இரண்டு வயதில் தாயைவிட்டுப் பிரிந்து இடம் தேடி அலையும். அப்படி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம்தான். படத்தைப் பெரிதாக்கியபோதுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது இளசு இல்லை. கழுத்து தடித்திருந்தது, ஒரு காது கிழிந்திருந்தது. எப்படியும் ஆறேழு வயது. அந்த வயதில் சொந்தமாக இடம் வைத்திருக்கிற ஆண் அதை விட்டுவிட்டு ஊர் சுற்றாது. நெற்றியில் காசளவுக்குத் தோல் உரிந்திருந்தது. வாய் திறந்திருந்த ஒரு படத்தில் கோரைப்பல் ஒன்று பாதியோடு முறிந்திருந்தது தெரிந்தது.

கூண்டில் அடைபட்ட சிறுத்தை கம்பியில் முட்டி முட்டி நெற்றியை உரித்துக்கொள்ளும். கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் அவள்தான் காவலர்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தாள். இது தானாக நடந்து வந்த விலங்கு இல்லை என்று அவளுக்குப் பட்டது. அடுத்த ஆறு வாரத்தில் முன்பின் தெரியாத இன்னும் இரண்டு முகங்கள் வந்தபோது, பட்டது உறுதியானது. யாரோ எங்கிருந்தோ பிடித்துக் கொண்டுவந்து இங்கே திறந்துவிடுகிறார்கள்.

அதில் என்ன கெடுதல், காட்டு விலங்கைக் காட்டில்தானே விடுகிறார்கள் என்று வெளியாட்கள் கேட்பார்கள். புகார் வந்த ஊரில் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விட்டால் அந்த ஊர்ச் சத்தம் அன்றோடு அடங்கும். அதிகாரிகளுக்கு அது ரொம்பப் பிடித்த வழி. ஆனால் கொண்டுவந்து விட்ட விலங்குக்குப் புது இடத்தில் தண்ணீர் எங்கே, இரை எங்கே என்று எதுவும் தெரியாது. ஏற்கெனவே அங்கே இருப்பது அதை விரட்டும். அது தன் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், வழியில் ஊர் ஓரத்துக்கு வரும், நாயையும் கன்றுக்குட்டியையும் பிடிக்கும். அது காலி செய்த இடத்துக்கோ வேறொன்று வந்து சேரும். ஓர் ஊரின் தொல்லை இரண்டு ஊரின் தொல்லையாவதுதான் மிச்சம்.

அவள் அதிகாரியிடம் போனாள். அவர் படங்களைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார். நம் காடு நன்றாக இருக்கிறது, அதனால்தான் விலங்குகள் தேடி வருகின்றன, சந்தோஷப்பட வேண்டிய விஷயத்துக்கு ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். மூன்றையும் பட்டியலில் சேர்த்துவிடச் சொன்னார். அவர் அவ்வளவு சிரித்துப் பேசி அவள் பார்த்ததில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது.

மயக்க ஊசி போடாமல் சிறுத்தையைக் கூண்டு மாற்றி ஏற்ற முடியாது. மயக்க மருந்து கால்நடை மருத்துவரின் பூட்டிய அலமாரியில் இருந்தது. அவளும் மருத்துவரும் ஏழு வருடமாக மதியச் சாப்பாட்டை ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். எதையோ தேடுகிற சாக்கில் மருந்துப் பதிவேட்டைப் புரட்டினாள். இந்தக் காட்டில் எந்த விலங்கையும் பிடிக்காத நான்கு தேதிகளில் மருந்து எடுக்கப்பட்டிருந்தது. எதற்கு என்ற இடத்தில், அலுவலக உத்தரவுப்படி என்று மட்டும் மருத்துவரின் கையெழுத்தில் இருந்தது. நான்கு தேதி, ஆனால் கேமராவில் மூன்று முகம்தான். நான்காவது எங்கே?

மருத்துவரிடம் நேராகவே கேட்டாள். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

"அதைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்கம்மா," என்றார்.

மறுநாளிலிருந்து அவர் தன் அறையிலேயே சாப்பிட ஆரம்பித்தார். அவளுக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. அவர் எதிரே வந்தால் இவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் காவலர்களிடம் பேசும்போது இன்று எதைப் பூசி மெழுகுகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஏழு வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட மனிதரைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று உள்ளுக்குள் கொஞ்சம் கூசியது, என்றாலும் நினைப்பது நிற்கவில்லை.

வீட்டில் அவள் இதைச் சொல்லிப் புலம்பினாள். அவள் கணவன் அதே அலுவலகத்தில் ஜீப் டிரைவர். குறைவாகப் பேசுகிறவன். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மேலே இருக்கிறவங்க விஷயத்தில் நமக்கு எதற்கு வம்பு என்று மட்டும் சொன்னான். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் அவன் விடிவதற்கு முன்பே கிளம்புவான். அதிகாரியைத் தலைமை அலுவலகக் கூட்டத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்வான். திரும்பி வந்தால் சட்டையில் பினாயில் வாடை அடிக்கும். வண்டியைக் கழுவினேன் என்பான். கழுவுகிற வண்டிதானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவனுடைய அக்கா, அவளுக்கு நாத்தனார், காட்டு ஓரத்துக் குடியிருப்பில் தனியாக இருந்தாள். வாழ்க்கையில் யாரையும் எதற்கும் கேட்டுப் பழகாத பெண். இரண்டு மாடும் ஒரு கன்றும் வைத்திருந்தாள். தம்பியை ஒன்பது வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அதனால் அவனை இன்றைக்கும் ஒன்பது வயதுப் பையனாகவே நடத்துவாள். தலையை வாரிக்கொண்டு வா என்று அலுவலக வாசலில் எல்லோர் எதிரிலும் சொல்லக்கூடியவள்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம், கன்று கத்துகிறதே என்று கொட்டிலுக்குப் போனவள்மேல் சிறுத்தை பாய்ந்தது. கையிலிருந்த வாளியால் அதன் முகத்தில் ஓங்கி அடித்திருக்கிறாள். அது விட்டுவிட்டு ஓடியது. தோள்பட்டையிலும் மேல்கையிலும் காயம். அக்கம்பக்கத்தார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் வலது கையை இனி தலைக்கு மேலே தூக்க முடியுமா என்பதைப் பிறகுதான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

நர்ஸ் கட்டு மாற்றும்போது புள்ளியம்மா பக்கத்தில் நின்றாள். சிறுத்தை கடித்தால் நான்கு கோரைப்பல்லும் நான்கு குழி போடும். நாத்தனாரின் தோளில் மூன்றுதான் ஆழமாக இருந்தன. நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிராய்ப்பு. முறிந்த பல்லோடு ஓடைப் பக்கம் வந்த அந்தப் பெரிய ஆண்.

வெளியே நடைபாதைப் பெஞ்சில் கணவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். வந்து விசாரித்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: பிடிச்சாச்சா? அவள் அருகில் போய் உட்கார்ந்ததும் அவன் நிமிராமலே கேட்டான்:

"அது எந்தச் சிறுத்தைன்னு தெரிஞ்சுதா?"

அக்காவைச் சிறுத்தை கடித்தால் தம்பி என்ன கேட்பான்? வலிக்கிறதா என்பான், டாக்டர் என்ன சொன்னார் என்பான். எந்தச் சிறுத்தை என்று கேட்கிறவனுக்கு, அது இன்னதாக இருந்துவிடக் கூடாதே என்ற பயம் இருக்க வேண்டும். ஏழு வருடம் புள்ளி புள்ளியாகப் பார்த்துப் பழகிய அவள் கண் இப்போது அவன்மேல் நின்றது. கூட்டங்கள், விடியற்காலைப் பயணங்கள், பினாயில் வாடை. இத்தனை நாள் மருத்துவரின் அறைக் கதவையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு முதல் ஆளாகப் போனாள். ஜீப் கொட்டகையில் நின்றது. முன்பெட்டியில் வண்டிப் பதிவேடு இருந்தது. கணவனின் குண்டு குண்டான எழுத்து. தலைமை அலுவலகம் போய்வர நூற்று இருபது கிலோமீட்டர். மருந்து எடுத்த நான்கு தேதிகளிலும் தலைமை அலுவலகக் கூட்டம் என்று எழுதியிருந்தது. ஓடிய தூரம் ஒவ்வொரு தடவையும் முந்நூறுக்குக் குறையவில்லை. அதில் ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நடந்திருந்தது. பொய் எழுதத் தெரியாதவன் எழுதிய பொய் என்று நினைத்துக்கொண்டாள். தூரத்தையாவது மாற்றி எழுதியிருக்கலாம்.

மதியம் அவன் வீட்டில் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எத்தனைங்க?" என்றாள்.

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். என்ன எத்தனை என்று கேட்பான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

"நாலு."

"கேமராவில மூணுதான் இருக்கு."

"ஒண்ணு வழியிலேயே செத்துப்போச்சு. பெண்ணு. சார் வெயில்ல தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னாரு. மூடினேன். பாதி வழியில சத்தம் நின்னுச்சு. தூங்குதுன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அவனாகவே சொன்னான். பக்கத்து வனக் கோட்டத்தில் மக்கள் கூண்டோடு கொளுத்திவிடுவோம் என்று நின்றார்களாம். அங்கிருந்த அதிகாரியும் இந்த அதிகாரியும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். காகிதம் எதுவும் வேண்டாம், பெரிய காடு, கொண்டுபோய் விட்டுவிடு என்று முடிவாயிற்று. மருத்துவர் நான்குக்கும் மருந்து கொடுத்தார். நான்காவது செத்து விறைத்து ஜீப்பில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, காகிதம் இல்லாத வேலை இனிமேல் என்னால் ஆகாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். அந்தக் காகிதம் அதிகாரியின் மேசைக்குள் போனது, வெளியே வரவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருக்க மாட்டே."

"நான் சும்மா இருக்காமப் போயிருந்தா அண்ணிக்கு இப்படி ஆயிருக்குமா?"

இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றான் கடைசியில். அவள் எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்பப்போவதாகச் சொன்னாள். அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தாள். படங்கள், தேதிகள், மருந்து அளவு, கிலோமீட்டர் எல்லாம் மளமளவென்று வந்தன. வண்டி ஓட்டியவர் என்ற இடம் வந்ததும் கை நின்றது. துறை வாகன ஓட்டுநர் என்று மட்டும் தட்டிவிட்டு, கணினியை மூடினாள். இரண்டு நாள் அந்த அறிக்கை அப்படியே கிடந்தது. இரண்டு நாளும் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவன் வெளியே கிளம்பும் சத்தம் கேட்டால், எங்கே போகிறான் என்று அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். தான் பார்ப்பது அவனுக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை நாத்தனார் வீட்டுக்குப் பின்னால் வனத்துறை வைத்திருந்த கூண்டில் சிறுத்தை விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. அவள் போய்ச் சேரும்போது குடியிருப்பே அங்கே திரண்டிருந்தது. ஆளைக் கடித்தது அகப்பட்டுவிட்டது, இன்றே ஏற்றிக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிவிடுகிறோம் என்று அதிகாரி கூட்டத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவர் மயக்கத் துப்பாக்கியோடு ஒதுங்கி நின்றார். ஜீப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அவள் கணவன் உட்கார்ந்திருந்தான்.

அவள் கூண்டருகே குந்தி உட்கார்ந்து பார்த்தாள். ஒல்லியான பெண் சிறுத்தை. காதுக்குக் கீழே தனியாக ஒரு வட்டப் புள்ளி. செல்போனில் இருந்த படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, என்றாலும் எடுத்துப் பார்த்தாள். கம்மல். ஐந்து வருடமாக இந்தக் குடியிருப்பைச் சுற்றிப் போய்வந்துகொண்டிருப்பது. இதுவரை ஒரு கோழியைக்கூடத் தொட்டதாகப் புகார் இல்லை. வாயைத் திறந்து சீறியபோது நான்கு கோரைப்பல்லும் முழுசாக இருந்தன.

"சார், கடிச்சது இது இல்ல," என்றாள். "கடிச்சதுக்கு ஒரு பல்லு முறிஞ்சிருக்கு. இதை எடுத்துட்டுப் போனா இந்த இடம் காலியாகும். அப்புறம் அது இங்கேயே உட்கார்ந்துக்கும்."

பின்னாலிருந்து ஒருவன், ஆய்வாளருக்குச் சிறுத்தைமேல்தான் பாசம், மனுசங்கமேல் இல்லை என்றான். கூட்டம் முணுமுணுத்தது. அதிகாரி அவளைத் தனியே கூப்பிட்டு, குடும்பத்தில் அடிபட்டிருக்கிறது, மனசு சரியில்லை, வீட்டுக்குப் போ என்றார். அந்தப் பல் முறிந்த சிறுத்தை எங்கிருந்து வந்தது என்று அவள் சத்தமாகக் கேட்டாள். காட்டிலிருந்துதான் என்றார் அவர். பிறகு கூண்டை ஏற்றச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார்.

அவன் இறங்கினான். பின்கதவைத் திறக்கப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் சாவியை எடுத்து ஜீப்பின் முகப்பின்மேல் வைத்தான்.

"நான் ஏத்த மாட்டேன் சார்."

"என்ன?"

"நாலு ஏத்திட்டேன். அஞ்சாவதை ஏத்த மாட்டேன்." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினான். குரல் உயரவில்லை, அதனால் பின்னாலிருந்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள். "பக்கத்துக் கோட்டத்துல பிடிச்ச சிறுத்தைங்களை இங்க கொண்டுவந்து விட்டது நான்தான். எங்கக்காவைக் கடிச்சதும் நான் கொண்டுவந்ததுதான். யார் சொல்லிக் கொண்டுவந்தேன்னு சாரையே கேளுங்க."

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. மருத்துவர் துப்பாக்கியிலிருந்து ஊசியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். எல்லோர் முகமும் ஒரே நேரத்தில் அதிகாரி பக்கம் திரும்பியது.

அன்று மதியம் கூட்டத்தைக் கலைத்த பிறகு, கம்மலைப் பிடித்த இடத்திலேயே திறந்துவிட்டார்கள். அது திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் போனது. மருத்துவர் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்று, தப்பாக நினைத்துவிட்டேன் என்றாள்.

"சொல்லியிருந்தா, வண்டி யார் ஓட்டினாங்கன்னு கேட்டிருப்பீங்க," என்றார் அவர். "அந்தப் பதில் என் வாயில இருந்து வர வேண்டாம்னு நெனச்சேன். அதுவும் சரியில்லதான்."

அறிக்கையில் கணவனின் பெயரை அவனே பக்கத்தில் நின்று சேர்க்கச் சொன்னான். விசாரணை நடந்தது. அதிகாரியை எங்கோ தூரத்துக்கு மாற்றினார்கள். கணவனுக்கு நான்கு மாதம் பணியிடை நீக்கம். பிறகு ஜீப்பை எடுத்துவிட்டு, தண்ணீர் லாரி கொடுத்தார்கள். முறிந்த பல் சிறுத்தையைப் பிடித்துக் கழுத்தில் ரேடியோப் பட்டை மாட்டினார்கள். அது ஊர்ப்பக்கம் வரும் நாட்களில் குடியிருப்புக்கு முன்கூட்டியே செய்தி போனது. குப்பைமேட்டை அகற்றியதில் நாய்க்கூட்டம் குறைந்தது. கொட்டில்களுக்குக் கம்பி வலையும் கதவும் போட்டார்கள். இரண்டு கன்றுகள் போயின, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வருடக் கடைசியில் அந்த ஆண் தன் பழைய கோட்டம் இருந்த திசையில் நடக்க ஆரம்பித்து, ஒரு நாள் சிக்னல் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

நாத்தனார் தம்பியோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். திட்டவில்லை, அழவில்லை. அவன் போய் வாசலில் நின்றால், இடது கையால் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் வாங்கிவந்ததை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். புள்ளியம்மா மட்டும் வாரம் ஒரு தடவை போய் அவள் கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த மழைக்குப் பிறகு கேமராவில் மறுபடியும் ஒரு புது ஆண் விழுந்தது. செய்தி எப்படியோ கசிந்தது. தண்ணீர் லாரி ஒரு நாள் தாமதமாக வந்தால்கூட, டேங்குக்குள் என்ன இருக்கிறது என்று குடியிருப்பில் கேட்டார்கள். அவன் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவனை அவள் நம்பினாளா? நம்பத்தான் விரும்பினாள். என்றாலும் படம் வந்த அன்று கணினி முன்னால் உட்கார்ந்ததும் நெற்றியில் காயம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். இல்லை. ஒல்லி, நீளக்கால், இரண்டு வயதுதான் இருக்கும். பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். சாயங்காலம் ஆனபோது கிடைத்தது: சோம்பேறி என்ற பெண் சிறுத்தையின் பின்னால், அதன் வாலைப் பார்த்துக்கொண்டே நடந்த ஒரு குட்டி. அதே இடது விலா, அதே புள்ளிகள். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். கணவனை நம்புவதற்கு ஆதாரம் தேட வேண்டியிருந்ததே என்று வெட்கமாக இருந்தது.

இரண்டு படங்களையும் அச்சடித்து நாத்தனார் வீட்டுக்கு எடுத்துப்போனாள். அவள் சமையலறையில் ஒரே கையால் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவளை நிமிர்ந்து பார்த்ததுமே கேட்டாள்:

"இதையும் அவன்தான் கொண்டு வந்தானா?"

"இல்ல அண்ணி. இது இங்கயே பொறந்தது. நீங்களே பாருங்க."

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு புள்ளிக்கு விரல் வைத்து, மற்றப் படத்தில் அதே புள்ளியைத் தேடினாள். அடுத்ததை, அதற்கடுத்ததை. அவள் யார் சொல்லையும் எடுத்த எடுப்பில் நம்புகிறவள் இல்லை. பத்துப் புள்ளிக்கு மேல் பார்த்திருப்பாள். பிறகு படங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"கொட்டில் கதவு ஒரு பக்கமா தொங்குது," என்றாள், மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டே. "அவனுக்கு லீவு இருந்தா வந்து மாட்டிட்டுப் போகச் சொல்லு."